முருகன் காலண்டரில் சுற்றிய தட்டு

அப்பா ஜாஸ் கேட்பார் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. கல்லாவியில் பத்தாவது வரை படித்துவிட்டு ஓசூரில் பிரஸ் மெஷின் ஓட்டிய மனிதர் எதற்கு ஜாஸ் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. சிறுவயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கறி எடுத்து வருவார்கள், சீட்டாடுவார்கள், சிலர் குடித்துவிட்டு வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். எங்கள் அப்பா ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தையே இல்லாத பாட்டைக் கேட்பார். குடிக்கிற அப்பாவாக இருந்திருந்தால் தோழிகளிடம் விளக்கம் சொல்லும் வேலையாவது எனக்கு மிச்சமாகியிருக்கும்.

பாகலூர் சாலையில் எட்டு வீடுகள் கொண்ட லைன் வீடு எங்களுடையது. அதில் மூன்றாவது வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அடியில் வளைத்துத் தருகிற மெஷின் அவருடையது. அம்மா ரோஜாத் தோட்டத்துக் கூடாரத்தில் பூ வெட்டித் தரம் பிரிக்கப் போவாள். முள் குத்தாமல் இருக்க விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருப்பாள். சாயங்காலம் அதைப் பிரித்துப் போடும்போதுதான் அவளுக்கு விரல்கள் இருப்பதே எனக்குத் தெரியும்.

இந்த இசைத்தட்டுப் பைத்தியம் ஜூஜுவாடியில் ஆரம்பித்தது. அங்கே கர்நாடக எல்லையை ஒட்டி ஒரு பழைய சாமான் கிடங்கு உண்டு. பெங்களூரில் பங்களாக்களை இடிக்கும்போதும் பழைய கிளப்புகளைக் காலி செய்யும்போதும் மிஞ்சுவதெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். மொபெட்டுக்கு ஏதோ பாகம் தேடிப் போன அப்பா, ஒரு சாக்கு நிறைய கறுப்புத் தட்டுகளைப் பார்த்திருக்கிறார். அரவை மில்லுக்குப் போகக் காத்திருந்த சாக்கு அது. அரைத்து உருக்கினால் கறுப்புக் குழாய் ஆகிவிடும். பெரிய இசைத்தட்டுகளைப் பெங்களூர் வியாபாரிகளே பொறுக்கிக்கொண்டு, யாரும் சீந்தாத ஏழு அங்குலச் சின்னத் தட்டுகளை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கிடங்குக்காரர் சிரித்துக்கொண்டே ஓடாத ரெக்கார்டு பிளேயர் ஒன்றையும் அவர் தலையில் கட்டினார்.

அந்தப் பிளேயரைப் பிரித்துச் சரி செய்ய அப்பாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. தட்டுகளின் நடுவில் இருந்த ஓட்டை ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பெரியது. பிளேயரின் நடுக்கம்பியோ பென்சில் கனம். இரண்டுக்கும் பொருந்த ஒரு வில்லை வேண்டும். கழித்துப்போட்ட நைலான் துண்டு ஒன்றைக் கம்பெனி லேத்தில் கடைந்து எடுத்து வந்தார். வெர்னியர் அளவுகோலால் மூன்று தரம் அளந்து பார்த்துவிட்டு, கச்சிதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டில் அவ்வளவு கச்சிதமான பொருள் வேறு எதுவும் இருந்ததில்லை.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"எங்க மெஷினு காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மாதிரி அடிக்கும். இந்த டிரம்காரன் அப்படி இல்ல. அடிக்க வேண்டிய எடத்துல அடிக்காம உட்டுட்டு, நாம மறந்த நேரமாப் பாத்து அடிக்கறான். மெஷினு இப்படிப் பண்ணா மெயின்டனன்சுக்கு ஆள் கூப்பிடணும். இவன் பண்ணா நல்லா இருக்குது" என்றார் அப்பா.

அம்மா, கேட்டேன் பாரு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அதன்பிறகு மாதம் இரண்டு முறை ஜூஜுவாடி. சினிமாப் பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, லேபிளில் ஜாஸ் என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார். வாங்கியதை நோட்டில் எழுதி, லேபிளில் உள்ள எண்ணை பிரவுசிங் சென்டர் பையனிடம் கொடுத்துத் தேடச் சொல்வார். அது எந்த ஊரில் அச்சானது, யார் வாசித்தது என்றெல்லாம் அவன் படித்துச் சொல்வான். ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் அவன் கையை விரித்துவிட்டான்.

"கம்ப்யூட்டர்லயே இல்லண்ணா இது."

அன்றைக்கு அப்பா பிரமோஷன் கிடைத்தவர்போல வீட்டுக்கு வந்தார். வெள்ளை லேபிளில் டைப்ரைட்டரால் அடித்த நான்கு பெயர்கள் மட்டும் இருந்த தட்டு அது. பெங்களூரில் ஏதோ கிளப்பில் வாசித்தவர்கள் தங்கள் ஆசைக்குச் சில பிரதிகள் போட்டிருக்க வேண்டும் என்றார். அதற்கு உறை கிடையாது. அப்பா போன வருடக் காலண்டரைக் கிழித்து மடித்து ஒட்டி ஓர் உறை செய்தார். வெளிப்பக்கம் வள்ளி தெய்வானையோடு முருகன் நின்றார்.

அந்தத் தட்டில் பாதிக்கு மேல் போனதும் டிரம் வாசிப்பவர் குச்சியைக் கீழே வைத்துவிடுவார். கம்பிகளைக் கட்டிய குஞ்சம் மாதிரி ஒன்றால் டிரம்மின் தோலை மெல்லத் தேய்ப்பார். யாரோ பக்கத்து அறையில் அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் வரும். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே அப்பா ஒரு விரலை உயர்த்திவிடுவார். நானும் அம்மாவும் என்ன வேலையில் இருந்தாலும் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.

கேட்பது என்றால் அவர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மரப்பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். வருடத்துக்கு வருடம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஐந்தாவது வீட்டில் இருந்த நைட் ஷிஃப்ட்காரர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் குறை வேறு. "இங்கிலீசுக்காரன் பாட்டு மட்டும் நல்லா கேக்கும். எண்ணெ வாங்கினு வாங்கன்னா காதுல உழாது" என்பாள். போன் வந்தாலும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிடுவார். வேண்டியது மட்டும் கேட்கிற காது என்று அம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நான் சிரிப்பேன். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், என்ன சொன்னாள் என்று கேட்காமலே.

கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அப்பா வைத்துக்கொள்ள மாட்டார். தகட்டை வளைக்கிற டை அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும், காதை அடைத்துக்கொண்டு பிரஸ் ஓட்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஒன்று என்பார். புத்தம் புதிதாக, ஆரஞ்சு நிறத்தில், பஞ்சு மாதிரி இருக்கும் அவற்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பென்சில்களின் தலையில் தொப்பியாகச் செருகி வைத்திருந்தேன். வகுப்பில் வேறு யாரிடமும் அது கிடையாது என்று எனக்கு ரொம்பப் பெருமை.

நான் ஐந்தாவது படித்தபோது, ஆயுத பூஜைக்குக் கொஞ்சநாள் முன்பு பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். கிடங்குக்காரர் சொல்லி எண் வாங்கியிருக்கிறார். வழக்கம்போல அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா கால்மணி நேரம் பேசினாள், பேசப் பேசக் குரல் தணிந்தது. வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வெள்ளை லேபிளில் நான்காவதாக இருக்கும் பெயர் அந்த மனிதருடைய அண்ணனுடையது. டிரம் வாசித்தவர். சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே தட்டு மழைத்தண்ணீர் புகுந்ததில் போய்விட்டது. அண்ணன் வாசித்ததைக் காதால் கேட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்கிறார்.

அப்பா அந்த வாரம் முழுக்க வேறு ஆளாக இருந்தார். அவர் சேர்த்த குப்பையைத் தேடி ஒருவர் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார் என்பதை லைன் வீடு முழுக்கச் சொன்னார். கல்லாவியில் இருந்த பெரியப்பாவுக்குக்கூட அம்மாவை விட்டுப் போன் செய்து சொல்லச் சொன்னார். இத்தனை வருடமும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரியப்பாதான் முதல் ஆள்.

ஆயுத பூஜையன்று அப்பா கம்பெனிப் பூஜைக்குப் போயிருந்தார். அம்மா வீட்டைக் கழுவி, சந்தனத்தைக் கரைத்து என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் தான் வைத்துக்கொள்வதாகவும், அப்பாவின் சாமான்களுக்கு நான் பொட்டு வைக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. ஸ்பேனர்களுக்கு வைத்தேன். மொபெட்டுக்கு முன்னால், பின்னால், பெட்ரோல் மூடிக்கு என்று மூன்று இடத்தில் வைத்தேன். பிளேயருக்கு வைத்தேன். பிறகு தட்டுகளின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். வேலை செய்கிற சாமானுக்குத்தான் பொட்டு. தட்டு வேலை செய்கிறதா என்றால், சுற்றுகிறது, சத்தம் போடுகிறது. அப்பாவின் மெஷினும் அதைத்தானே செய்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்து உறையின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியில் முருகன் உறை வந்தது. அதன்மேல் பொட்டு வைத்தால் அது முருகனுக்குப் போய்ச் சேருமே தவிரத் தட்டுக்குச் சேராது என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்து கேட்கப் போகிற தட்டு. அதை மட்டும் விட்டுவிட முடியாது. வெளியே எடுத்தேன். நடுவில் இருந்த வெள்ளைத்தாளில் வைத்தால் அப்பா படிக்கிற பெயர்கள் மறைந்துவிடும். அதனால் கறுப்பில் வைத்தேன். மூன்று இடத்தில், சமமான தூரத்தில், நன்றாகக் கெட்டியாக. அதன்மேல் குங்குமம். அவ்வளவு அழகாக அதுவரை நான் எதற்கும் பொட்டு வைத்ததில்லை. ஈரம் காயுமுன்பே திரும்ப உறைக்குள் போட்டு, பூஜையில் அடுக்கினேன்.

பொரியும் இனிப்பும் ஒரு எவர்சில்வர் டப்பாவுமாக அப்பா வந்தார். அடுக்கி வைத்த தட்டுகளைப் பார்த்து, "எம் பொண்ணு ஒண்ணு உடாம வெச்சிருக்கா பாரு" என்று என் தலையைத் தடவினார். பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக்கூடாது, மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அங்கேயே இருந்தன. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

மறுநாள் அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட். பூவுக்கு விஜயதசமி கிடையாது என்பதால் அம்மாவும் விடியும்போதே கற்பூரம் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து இடத்தில் வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முருகன் உறையைத் தூக்கியபோது தட்டு உள்ளே நகரவில்லை. சந்தனம் காலண்டர் தாளோடு சேர்ந்து காய்ந்து கல்லாகியிருந்தது. இழுத்தேன். வந்தது. மூன்று பொட்டின் மேலும் தாள் பிய்ந்து ஒட்டியிருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். மேல்தாள் உருண்டு வந்தது, அடியில் இருந்தது வரவில்லை. அந்தக் கறுப்பில் மயிரிழை மயிரிழையாக ஓடும் கோடுகளுக்குள் குங்குமம் இறங்கிச் சிவப்பாகத் தெரிந்தது. பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். அம்மா அடிபிடித்த குக்கரைத் தேய்க்கும் பச்சை நாரையும் தேய்க்கிற தூளையும் எடுத்தேன். குக்கரே வெள்ளையாகும்போது தட்டு கறுப்பாகாதா என்று நினைத்தேன். மூன்று இடத்திலும் பலம் கொண்டமட்டும் தேய்த்தேன். சிவப்பு போயிற்று. கூடவே பளபளப்பும் போய், மூன்று இடம் மட்டும் சாம்பல் பூத்து நின்றது. அதற்கும் எனக்கு வழி தெரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, அம்மாவின் பழைய நைட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். கறுப்பு திரும்பி வந்துவிட்டது. உறையின் உள்பக்கத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். முருகனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து தட்டைப் பார்த்தார். ஜன்னல் இல்லாத பக்கமாக நின்று பார்த்தார். துணியால் தூசி தட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இதைப் போடுவதில்லை, விருந்தாளியோடு சேர்ந்து கேட்போம் என்று திரும்ப உள்ளே வைத்தார். எனக்கு இன்னும் மூன்று நாள் கிடைத்தது. தட்டு கெட்டிருக்கும் என்று தெரியும். எவ்வளவு கெட்டிருக்கும் என்றுதான் தெரியாது. அப்பா என்னை அடித்ததே இல்லை. அதனால் அவர் அடித்தால் எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் வழியில்லாமல் இருந்தது.

பெங்களூர்க்காரருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, அந்த வெயிலிலும் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்திருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. எனக்கு ஒரு கேக் பெட்டி கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அப்பாவிடம் காட்டினார். கோட்டு போட்ட ஒல்லியான இளைஞன் டிரம்களுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா அந்தப் போட்டோவை இரண்டு கையாலும் வாங்கினார். கல்யாணத்துக்குப் போகும் சட்டையை அன்று அவர் போட்டிருந்தார்.

அம்மா உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். அப்பா நைலான் வில்லையைப் பொருத்தி, தட்டை வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகி, முள்ளை இறக்கினார்.

டக், டக், டக் என்றது. பிறகு பியானோ. மறுபடி டக், டக், டக். பாட்டு ஏதோ சாலையில் போய்க்கொண்டிருக்க, யாரோ அதன்மேல் கல் எறிந்துகொண்டே கூட ஓடுவதுபோல இருந்தது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு மூன்று. ஒவ்வொன்றும் எனக்குப் பிடரியில் விழுந்தது. அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு அந்தப் பாட்டு முழுவதுமே டக் டக் தான். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவார், இப்போது எழுந்திருப்பார் என்று.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளங்கை பெட்டியின் மேல் இருந்தது. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி. பாதி தாண்டியதும் சரியாக விரலை உயர்த்தினார்.

"இப்பப் பாருங்க. அண்ணன் தேய்க்கறாரு" என்றார்.

தேய்க்கிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் தேய்த்த சத்தம்தான் கேட்டது. பச்சை நார் போட்ட கீறல்கள் கரகரவென்று அந்த அரை நிமிடத்தையும் தின்றுவிட்டுப் போயின. பெங்களூர்க்காரர் முன்னால் குனிந்து, ஒரு காதைத் திருப்பி, அந்த இரைச்சலுக்குள் எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து அப்பாவின் உயர்த்திய விரலைப் பார்த்தார். பெட்டியின் மேல் இருந்த கையைப் பார்த்தார். முழுக்கத் திருகியிருந்த சத்தத் திருகைப் பார்த்தார். கடைசியாகக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டு முடிந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஒரு கீறல் இல்லைங்க. கெடங்குல எடுத்தப்ப எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிருக்கேன். எவ்ளோ சுத்தமா இருக்குது பாத்தீங்களா."

வந்தவர் நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னார்.

"ரொம்ப சுத்தமா இருக்குதுங்க. எங்கண்ணன் பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்குது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தரம் போடுகிறேன் என்று, வந்தவர் கேட்காமலே மறுபடி முள்ளை வைத்தார். அந்த மனிதர் கையைக் கோத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இரண்டாம் முறையும் உட்கார்ந்து கேட்டார். தட்டை நீங்களே எடுத்துப் போங்கள் என்று அப்பா நீட்டியபோது, உங்களிடம் இருந்தால்தான் அது நன்றாக இருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வடை சாப்பிட்டார். அம்மாவிடம் நன்றாக இருக்கிறது என்றார்.

பஸ் ஸ்டாண்டில் விட அப்பா மொபெட்டை எடுக்கப் போனார். அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பாட்டுப் பிளேட்ட நீ கழுவினியா கண்ணு?"

தலையை ஆட்டினேன். சந்தனம் வைத்தேன், அதனால்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நடந்தத அப்படியே அம்மாகிட்ட சொல்லிடணும். நீ கழுவினது, அப்பா அத போட்டுக் கேட்டது, ரெண்டையும் சொல்லணும். இன்னிக்கே சொல்லு. திட்ட மாட்டாங்க, நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். மொபெட் வந்தது. அப்பாவின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஷூக்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் போனது இன்றும் கண்ணில் இருக்கிறது.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கேட்கவேண்டிய இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம், வந்தவருக்கும் கண்ணீர் வருகிற அளவுக்குச் சந்தோஷம். அவர் நல்லவர், என்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றிவிட்டார். ஆனால் பெரியவர்கள் எல்லோரையும் போலத் தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கேக் முழுவதையும் இரண்டு நாளில் தின்று தீர்த்தேன். முருகன் என் பக்கம் இருக்கிறார் என்று அதன்பிறகு கொஞ்சகாலம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அம்மா நான்கடி தள்ளி அடுப்பின் முன்னால்தான் இருந்தாள். ஏம்மா, உன் புருஷனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை அவரே சொல்லியிருக்கலாம். முதல்முதலாக வந்த வீட்டில், வடைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லைபோல. கம்பெனிக்குத் தெரிந்து வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்திருக்கலாம். அதனால் அதைத் தூக்கி ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் இருக்கும் கோபம், என் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வருடம் ஒருமுறை கம்பெனியில் காது பரிசோதனை உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வெளியே டெஸ்ட் எடுக்கும் பையனின் கை அசைவதைப் பார்த்து அப்பா அமுக்குவார் என்று அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். நடிக்கிறார் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டாள். சண்டை போட்டாவது அவரைச் சத்தமில்லாத இடத்துக்கு, ஸ்டோருக்கோ தோட்டத்துக்கோ மாற்றச் சொல்லியிருப்பாள். அப்பா கடைசிவரை பிரஸ் ஷாப்பிலேயே இருந்தார்.

கடைசி என்பது அதற்குப் பிறகு இரண்டு வருடம். தகட்டுச் சுருள் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்பக்கமாக வந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தரையில் கிடந்த எதையோ எடுக்கக் குனிந்திருக்கிறார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் விழிக்கவில்லை.

முதல்நாள் சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள், விரல்களில் பிளாஸ்திரியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பாவின் சூப்பர்வைசர் எதிரே நின்றுகொண்டு, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். வண்டியில் பின்னால் வரும்போது அடிக்கிற அலாரம் ஒழுங்காக அடித்தது, டிரைவர் ஹாரனும் அடித்தான், அந்தக் கோடியில் நின்றவர்கள்கூடக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், இவர் மட்டும் ஏன் நகரவில்லை என்று தெரியவில்லை.

"ஏதோ நெனப்புல இருந்திருப்பாருங்க" என்றாள் அம்மா. "காதெல்லாம் அவருக்கு நல்லா கேக்கும். வாரம் தவறாம பாட்டு கேக்கற மனுஷங்க. பெங்களூர்லருந்து ஆள் தேடி வந்து, கூட உக்காந்து கேட்டுட்டுப் போனாரு. ஒரு சின்ன சத்தம்கூட உடாமக் கேப்பாரு. வேணும்னா இவளக் கேளுங்க."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தட்டு விஷயத்தை அவளிடம் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டத்தில் அதையும் சேர்த்து அல்லவா நினைத்து அழுவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.